கண் விட்டுப் பின்னிய ஊர்

விழிஞ்சத்தின் பழைய மீன்பிடித் துறையில் காலை பத்து மணிக்குமேல் கூட்டம் வடிந்துவிடும். ஏலம் முடிந்து, ஐஸ் வண்டிகள் கிளம்பி, கழுவிவிட்ட தரையில் காகங்கள் மிச்சம் பொறுக்கும் அந்த நேரத்தில்தான் மற்ற வேலைகள் ஆரம்பமாகும். வலை பொத்துகிறவர்கள், எஞ்சினைப் பிரித்துப் போட்டிருப்பவர்கள் நடுவே, கரையேற்றிய படகின் நிழலில் கால்நீட்டி உட்கார்ந்து ஒரு பெரியவர் கூடு கட்டிக்கொண்டிருந்தார். சிங்கி இறால் பிடிக்கிற கூடு. பனைமட்டையைப் பிளந்து சீவிய பட்டைகள் மூன்று திசையிலிருந்து வந்து ஒன்றையொன்று மேலும் கீழுமாகத் தாண்டிப் போகின்றன. நடுவில் ஆறு மூலைக் கண் ஒன்று விழுகிறது. கண் விழுந்ததும் அதில் கட்டைவிரலை நுழைத்துப் பார்க்கிறார். விரல் எந்த இடம்வரை போகிறது என்பதுதான் அவருடைய அளவுகோல்.

நாகர்கோவிலிலிருந்து ரயிலில் வந்திருக்கலாம். ஆனால் குளச்சல், பூவாறு என்று கடற்கரையைப் பிடித்து வந்ததற்குக் காரணமே இந்தக் கூடுதான். மீன்வள ஆய்வாளர்கள் தங்கள் எழுத்தில் இதைக் ‘குளச்சல் கூடு’ என்றே குறிப்பிடுகிறார்கள். ஊர்ப் பெயர் ஒட்டியிருக்கிற பொருள் அந்த ஊரில் அருகிவிட்டு, பக்கத்து மாநிலத்துத் துறையில் ஒரு நிழலில் உயிரோடு இருப்பது நம் பக்கத்தில் புதிதில்லை. 1956 நவம்பர் 1 வரை இந்தக் கரை முழுவதும் ஒரே திருவிதாங்கூர்–கொச்சி மாநிலம். அகஸ்தீஸ்வரம், தோவாளை, கல்குளம், விளவங்கோடு என்று நான்கு தாலுகாக்கள் பிரிந்து தமிழ்நாட்டுப் பக்கம் வந்தன. கைத்தொழில்களைக் கேட்டு யாரும் எல்லை போடவில்லை.

கூட்டின் ஒரு பக்கத்தில் வாய். வெளியே அகன்று உள்ளே போகப்போகக் குறுகுகிற புனல். அதன் உள்முனையில் பட்டைகளைக் கட்டாமல் கூராகச் சீவி விட்டிருக்கிறார். இரையின் வாசனைக்கு உள்ளே வருகிற இறாலை அந்த முனைகள் விலகி அனுமதிக்கும். திரும்பி வந்தால் முகத்தில் குத்தும். பாறை இடுக்குகளுக்குப் பக்கத்தில் கல் கட்டி இறக்கிவிட்டு மறுநாள் ஏற்றினால், சிங்கி உயிரோடு, மீசை ஒடியாமல் இருக்கும். சந்தையில் விலையே அந்த உயிருக்குத்தான்.

“பட்டை எதானாலும் சரி மக்களே, கண்ணுதான் கணக்கு” என்றார். சின்ன இறால் கண் வழியாக வெளியே போய்விட வேண்டும். போகாவிட்டால்? “போகலேன்னா அடுத்த வருசம் நான் எதப் பிடிக்க?”

இதே கணக்கை மத்திய அரசு 2003இல் அறிவிக்கையாகப் போட்டது. இந்தக் கரையில் அதிகம் கிடைக்கிற வகைச் சிங்கி 200 கிராமுக்குக் குறைவாக இருந்தால் ஏற்றுமதி செய்யக் கூடாது. நல்ல விதிதான். ஆனால் அது எடை பார்ப்பது கரையில், இறால் பிடிபட்டு ஐஸில் கிடக்கும்போது. கூடு அதே தீர்ப்பைக் கடலுக்கு அடியிலேயே சொல்லிவிடுகிறது. பாறையோரம் விரிக்கிற அடிவலைக்கு இந்த நியாயம் தெரியாது. குஞ்சு, முட்டை சுமந்த தாய் எல்லாவற்றையும் சுருட்டிக்கொண்டு வரும். பனைக் கூட்டுக்கு இன்னொரு குணமும் உண்டு. கயிறு அறுந்து கடலில் தொலைந்துபோனால் சில மாதங்களில் மக்கி வாய்பிளந்துவிடும். தொலைந்த பிளாஸ்டிக் கூடு அப்படியில்லை. எடுப்பதற்கு ஆளில்லாமலே பிடித்துக்கொண்டிருக்கும்.

நாங்கள் பேசிக்கொண்டிருந்த இடத்திலிருந்து தெற்கே பார்த்தால் புதிய துறைமுகத்தின் பாரந்தூக்கிகள் வானத்தில் நிற்கின்றன. 2024 ஜூலையில் முதல் பெரிய சரக்குக் கப்பல் வந்தது; 2025 மே 2 அன்று பிரதமர் நாட்டுக்கு அர்ப்பணித்தார். அங்கே வருவதெல்லாம் இரும்புப் பெட்டி. உள்ளே என்ன இருக்கிறதென்று தூக்குகிற ஆளுக்கே தெரியாது. பெரியவர் அந்தப் பக்கம் திரும்பக்கூட இல்லை. புனலின் முனைகளைச் சீவிக்கொண்டிருந்தார்.

விழிஞ்சத்திலிருந்து திருவனந்தபுரம் நகரத்துக்குள் மீன் போகிற வழி பெண்களின் தலைவழி. பூந்துறை, வலியதுறை என்று கரையோரக் கத்தோலிக்கக் கிராமங்களின் பெண்கள் ஏலத்தில் மீன் எடுத்து, குட்டை என்கிற கூடையில் நிரப்பி, நகரத்தின் சந்தைகளுக்கும் வீட்டு வாசல்களுக்கும் நடந்தார்கள். பஸ்ஸில் ஏறினால் நாற்றம் என்று இறக்கிவிட்டார்கள். 1980ஐ ஒட்டிய ஆண்டுகளில் இந்தப் பெண்கள் தெருவில் இறங்கிப் போராடியது கேரள மீனவர் இயக்கங்களின் வரலாற்றில் ஒரு முக்கியமான அத்தியாயம். கேட்டது சம்பளமோ கடனோ கிடையாது. கூடையோடு உட்கார ஒரு பஸ். நாற்பது ஆண்டுகள் கழித்து, 2021இல், கேரள அரசுப் போக்குவரத்துக் கழகம் ‘சமுத்ரா’ என்ற பெயரில் மீன் விற்கும் பெண்களுக்கென்றே தாழ்தளப் பேருந்துகள் விட்டது. கட்டணம் கிடையாது. மீன் பாத்திரம் வைக்கத் தனி இடம்.

பாளையத்தில் கன்னிமாரா சந்தைக்கு வெளியே அயிலை விற்றுக்கொண்டிருந்த ஒரு அம்மச்சியிடம் ஈற்ற என்ற மூங்கிலில் முடைந்த பழைய குட்டையைப் பற்றிக் கேட்டேன். அவர் முன்னால் இருந்தது அலுமினியச் சருவம்.

“அது எனக்க அம்மைக்க காலம் மக்களே. நல்ல கனமில்லாத குட்டைதான். ஆனா வெள்ளம் ஒழுகும். நெத்தி வழியா எறங்கிக் கண்ணுல வுழும், சட்டையெல்லாம் மீன் வெள்ளம். அந்த நாத்தத்துக்குத்தானே பஸ்ஸுல ஏத்தல.” சருவத்தின் விளிம்பைத் தட்டிக் காட்டினார். “இதுல ஒரு சொட்டு வுழாது.”

கைத்தொழில் அழிகிறதே என்று அழுகிற கட்டுரைகள் நான் நிறையப் படித்திருக்கிறேன். ஒன்றிரண்டு எழுதியும் இருப்பேன். அவற்றில் இந்த அம்மச்சியின் நெற்றி வருவதில்லை. இறால் கூட்டை வாழவைக்கிற அதே கண்தான் மீன் குட்டையைக் கொன்றது. காற்றோட்டம் என்று நாம் சொல்வது தலையில் சுமக்கிறவருக்கு ஒழுக்கு. பிளாஸ்டிக் கிரேட்டையும் அலுமினியத்தையும் பழிக்கிறவர்கள் ஒரு முறை மத்தி நிரம்பிய ஈற்றக் குட்டையைச் சுமந்துவிட்டுப் பேசலாம்.

ஒழுக வேண்டிய இடத்தில் ஒழுகவிட்டால் அதன் அழகே வேறு என்பதற்கும் இந்த ஊரிலேயே சாட்சி இருக்கிறது. தம்பானூரில் ரயில் நிலையத்தை விட்டு வெளியே வந்ததும் பஸ் நிலையத்தை ஒட்டி, சிவந்த செங்கல்லில் சுற்றிச் சுற்றி ஏறுகிற ஓர் உருண்டைக் கட்டடம். இந்தியன் காபி ஹவுஸ். கட்டியவர் லாரி பேக்கர். 1917இல் இங்கிலாந்தின் பர்மிங்காமில் பிறந்து, இமயமலைச் சரிவில் பல ஆண்டுகள் வாழ்ந்து, பிறகு திருவனந்தபுரத்தின் நாலாஞ்சிறையில் வீடு கட்டிக்கொண்டு, 1989இல் இந்தியக் குடியுரிமை பெற்று, 2007 ஏப்ரல் 1 அன்று இங்கேயே கண்மூடியவர்.

காபி ஹவுஸுக்குள் மாடி என்று தனியாக ஒன்றும் கிடையாது. தரையே சரிவாக ஏறிக்கொண்டு போகிறது. வெளிச்சுவரை ஒட்டி மேசையும் இருக்கையும் கட்டடத்தோடு சேர்த்தே கட்டப்பட்டு, ஒவ்வொன்றும் முந்தையதைவிடக் கொஞ்சம் உயரத்தில். சுவர் முழுக்க, செங்கல்லை விட்டு விட்டு அடுக்கிய சதுரக் கண்கள். தெருவின் இரைச்சலும் காற்றும் வெளிச்சமும் அதன் வழியே வடிகட்டி வருகின்றன. விசிறித் தலைப்பாகை வைத்த பரிசாரகர்கள் தட்டுகளோடு அந்தச் சரிவில் நாள் முழுக்க ஏறி இறங்குகிறார்கள். கட்டடக்கலை மாணவர்கள் எடுக்கிற படங்களில் இந்தப் பரிசாரகர்களின் முழங்கால் தெரியாது. மசால் தோசைக்குள் பீட்ரூட் வைப்பது இந்தக் கூட்டுறவு நிறுவனத்தின் மாறாத கொள்கை. 1950களில் காபி போர்டு கடைகளை மூடியபோது வேலை இழந்த தொழிலாளர்களைக் கம்யூனிஸ்ட் தலைவர் ஏ.கே. கோபாலன் திரட்டி உருவாக்கிய கூட்டுறவு என்பதால், சிவப்புக்கு அரசியல் காரணம் சொல்பவர்களும் உண்டு.

பேக்கரின் செங்கல் சல்லடையை அழகுக்காக வைத்தது என்று நினைப்பவர்கள் இந்த ஊரில் ஏப்ரல் மாதம் ஒரு மதியத்தைக் கழிக்காதவர்கள். ஜன்னல் என்றால் சட்டம், கதவு, கம்பி, கண்ணாடி, தச்சர் கூலி. சுவரிலேயே கண் விட்டால் செங்கல்லும் மிச்சம், ஜன்னல் செலவும் இல்லை. மழை நேராக உள்ளே வராது, காற்று வரும், வெயில் துண்டுதுண்டாக விழும். ‘எலிப்பொறிக் கட்டு’ என்று ஒன்றை அவர் பரப்பினார். செங்கல்லைப் படுக்க வைக்காமல் நிறுத்தி வைத்து நடுவே வெற்றிடம் விட்டு எழுப்புகிற சுவர். ஏறத்தாழ கால்வாசிச் செங்கல் குறையும். நடுவிலுள்ள காற்று வெப்பத்தைத் தடுக்கும். நகரத்தின் உள்ளூர் என்ற பகுதியில், பொருளாதார அறிஞர் கே.என். ராஜ் தொடங்கிய வளர்ச்சி ஆய்வு மையத்தின் வளாகம் முழுவதும் அவர் கைவேலைதான். அதன் நடைவழியில் நின்றால் தரையில் விழுகிற வெளிச்சப் புள்ளிகளை வைத்தே மணி சொல்லிவிடலாம்.

பூஜப்புரைப் பக்கம் போகும்போது சாலையிலிருந்து மட்டுமே பார்த்துக்கொண்டு கடந்த ஓர் இடத்தையும் இந்தக் கணக்கில் சேர்க்கத்தான் வேண்டும். ஸ்ரீ சித்திரைத் திருநாள் மருத்துவ அறிவியல் நிறுவனத்தின் கருவிகள் பிரிவு. 1960இல் அமெரிக்காவில் வைக்கப்பட்ட ஸ்டார்–எட்வர்ட்ஸ் இதய வால்வு, ஓர் உலோகக் கூண்டுக்குள் உருளும் சிறு பந்து: இரத்தம் முன்னே தள்ளினால் பந்து விலகும், பின்னே திரும்பினால் வந்து அடைக்கும். விழிஞ்சம் பெரியவரின் புனல் செய்கிற வேலைதான். பிறகு பந்துக்குப் பதில் சாய்கிற தட்டு வந்தது. வெளிநாட்டு வால்வின் விலை நம் நோயாளிக்கு எட்டாதபோது, டாக்டர் எம்.எஸ். வலியத்தான் தலைமையில் இங்கே தட்டு வால்வு செய்ய முயன்றார்கள். முதல் மூன்று வடிவங்கள் தேறவில்லை. கூண்டுக்குக் கோபால்ட் கலப்புலோகம், தட்டுக்கு உறுதியான பாலிஎதிலீன், தைத்துப் பொருத்தும் வளையத்துக்குப் பாலியஸ்டர் துணி என்று நான்காவது வடிவம் நின்றது. 1990 டிசம்பர் 6 அன்று முதல் நோயாளிக்குப் பொருத்தினார்கள். நாளுக்கு ஏறத்தாழ 1 லட்சம் தடவை திறந்து மூடுகிற அந்த வால்வு இன்று ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட நெஞ்சுகளுக்குள் இருக்கிறது.

வட்டியூர்க்காவில் விக்ரம் சாராபாய் விண்வெளி மையத்தின் கூட்டுப்பொருள் பிரிவு இருக்கிறது. பி.எஸ்.எல்.வி. ராக்கெட்டின் மூன்றாம் அடுக்கில் ஏழரை டன்னுக்கு மேற்பட்ட திட எரிபொருளை அடைத்து வைக்கிற உறை, உலோகத்தில் வார்த்ததில்லை. கெவ்லார் நாரைப் பிசினில் நனைத்து, உருளும் அச்சின்மேல் சாய்வாகவும் வட்டமாகவும் சுற்றிச் சுற்றிப் பின்னியது. எடை குறைய வேண்டும், உள்ளழுத்தம் தாங்க வேண்டும். நார் எந்தக் கோணத்தில் போனால் எந்தப் பக்கத்து இழுவிசையைத் தாங்கும் என்ற யோசனை கூடை முடைகிற கைக்கும் உண்டு. இதில் மட்டும் ஒரு கண்கூட விடக் கூடாது.

வழுதக்காட்டுப் பக்கம் ஒரு செல்லப்பிராணிக் கடை. வாசலில் பிரம்பு போலத் தோன்றுகிற பிளாஸ்டிக் கூடைகள், உள்ளே மெத்தை வைத்து, பூனைக்கு. கல்லூரிப் பெண் ஒருத்தி விலை பேசிக்கொண்டிருந்தாள். கடைக்காரர் நல்ல மனிதர், “மோளே, மெத்தைய எடுத்துட்டு நீ உடுத்த பழைய சுரிதார் ஒண்ணு போடு. இல்லன்னா அது இந்தக் கூடை வந்த அட்டைப்பெட்டியிலதான் படுக்கும்” என்று மலையாளத்தில் சொன்னார். பூனை வளர்க்கிறவர்களுக்கு இது தெரிந்ததே. மருத்துவரிடம் கொண்டுபோகிற கூடையை அன்றைக்கு மட்டும் பரணிலிருந்து இறக்கினால் பூனை கட்டிலுக்கு அடியில் போய்விடும். வீட்டில் எப்போதும் திறந்து கிடந்தால் அதுவே போய்ப் படுக்கும். மேல்புறம் திறக்கிற கூடையானால் பரிசோதனை மேசையில் அதைப் பிடித்து இழுக்கிற போராட்டமும் இல்லை.

அந்தக் கடையில் எனக்குப் பிடித்தது நாயின் வாய்க்கூடை. இரண்டு விதம் தொங்கின. ஒன்று துணிப்பட்டை, வாயை இறுக்கிக் கட்டுவது. மற்றொன்று கூடையாகவே பின்னியது, முகத்துக்கு முன்னால் இடம் விட்டு. நாய்க்கு வியர்வை வழியாக வெப்பம் தணிவது மிகக் குறைவு. நாக்கை நீட்டி இளைத்துத்தான் தணித்துக்கொள்ளும். துணிக்கட்டில் வாய் திறக்காது, இளைக்க முடியாது. இந்த ஊர் வெயிலில் அதைப் போட்டு நாயை நடத்திக்கொண்டு போவது ஆபத்து. கூடையில் கடிக்க முடியாது, ஆனால் வாய் திறக்கும், நாக்கு நீளும், தண்ணீர்கூடக் குடிக்கும். நம் களத்தில் சூடடிக்கிற மாட்டுக்குக் கதிரைத் தின்னாமலிருக்க மாட்டிய வாய்க்கூடையின் தம்பி இது. துணிக்கட்டுதான் விலை குறைவு என்பதால் அதுவே அதிகம் விற்கிறது என்றார் கடைக்காரர்.

வெள்ளாயணிக்கு மாலையில் போனேன். நன்னீர்க் காயல், அதை ஒட்டிய புஞ்சக்கரி வயல்கள் பறவை பார்ப்பவர்களின் இடம். ஆடி மழை விட்டிருந்தது. வயலோரத் தென்னை ஒன்றின் ஓலை நுனிகளில் தூக்கணாங்குருவிக் கூடுகள், சில பச்சை, சில காய்ந்தவை. நம்மூரில் பார்க்காததா என்று தோன்றும். நின்று பார்த்தால் விட்டு வர முடியாது. ஆண் குருவி ஓலையின் ஓரத்தை அலகால் ஒரு கடி கடிக்கிறது, அந்த வெட்டைப் பிடித்துக்கொண்டு பறக்கிறது, நீளமான இழை ஒன்று உரிந்து கூடவே வருகிறது. அதைக் காலால் மிதித்து, அலகால் நுழைத்து, மறுபக்கம் போய் இழுத்து முடிச்சிடுகிறது.

முழுக் கூட்டையும் கட்டி முடித்துவிட்டுப் பெண்ணை அழைப்பதில்லை. கவிழ்த்த தொப்பி அளவுக்குப் பாதி வந்ததும் இறக்கையை அடித்துக்கொண்டு கூச்சலிடும். பெண் வந்து உள்ளே தொங்கி, இழைகளை இழுத்துப் பார்த்து, பிடித்தால் தங்கும். அதன் பிறகுதான் முட்டை அறையும் நீண்ட வாசல் குழாயும். பிடிக்காவிட்டால் தொப்பி தொப்பியாகவே நின்றுவிடும்; அந்தத் தென்னையிலேயே அப்படி நான்கைந்து தொங்கின. ஒரு பெண் குடியேறியதும் ஆண் அடுத்த கூட்டை ஆரம்பிக்கிறது, அடுத்த துணைக்காக. இந்த விஷயத்தைப் பம்பாய்க்கு அருகே கிஹிம் கடற்கரையில் மாதக்கணக்கில் உட்கார்ந்து பார்த்துச் சொன்னவர் பறவை அறிஞர் சாலிம் அலி. 1931இல் அதை எழுதினார். இரண்டு ஆண்டுகள் கழித்து, 1933இல், திருவிதாங்கூர், கொச்சி சமஸ்தானங்களின் பறவைகளைக் கணக்கெடுக்க இந்தப் பக்கமே வந்தார். கூட்டுக்குள் குருவி அப்பி வைக்கிற ஈர மண் எதற்கு என்பதில் மின்மினி விளக்குக் கதை நம் எல்லாரிடமும் இருக்கிறது. காற்றில் ஆடாமலிருக்க எடை என்று சொல்கிறவர்களும் உண்டு. இரண்டில் முதல் கதைதான் பிள்ளைகளுக்குப் பிடிக்கும், எனக்கும்.

காட்டாக்கடை தாண்டி, நெய்யாறு அணைக்கு வடக்கே, மலை ஆரம்பிக்கிற இடம் கோட்டூர். யானை மறுவாழ்வு மையம் இருப்பதால் ஞாயிற்றுக்கிழமைகளில் கூட்டம் உண்டு. நான் போனது ஈற்றயைப் பார்க்க. அகத்தியமலைச் சரிவுகளில் ஓடைக்கரையெல்லாம் அடர்ந்து நிற்கிற மெல்லிய மூங்கில் இனம். தாவரவியல் பெயரிலேயே திருவிதாங்கூர் இருக்கிறது: ஓக்லாண்ட்ரா திராவன்கோரிகா. கணுவுக்கும் கணுவுக்கும் இடையே ஒரு மீட்டருக்கும் மேல்கூட நீளும். சுவர் மெல்லிசு. பிளந்தால் நூல் பிடித்தாற்போல நேராகப் போகும். கணு குறுக்கிடாத அவ்வளவு நீளம் கூடை முடைகிறவருக்கு எளிதில் கிடைக்காது. மூங்கில் இனங்களில் அபூர்வமாக இதற்குச் சதைப்பற்றுள்ள பெரிய காய். யானைக்கு இதன் இலையும் குருத்தும் தீனி. புனலூர் காகித ஆலைக்கு இதுவே கூழாக இருந்தது. இப்படி யானை, ஆலை, கூடைக்காரர் என்று ஒரே புதருக்கு மூன்று கைகள் நீண்டிருந்தன.

மலையில் காணிக்காரர்கள் வீட்டுச் சுவரையே ஈற்றயில் தட்டி கட்டி எழுப்பியவர்கள். சமவெளியில் முடைவது பெரும்பாலும் சாம்பவர் குடும்பங்களின் கைத்தொழில். சாதி கூடையோடு ஒட்டியிருந்தது. கூடை வாங்குகிறவர் காசை வைத்த விதமும் அதைச் சொல்லும். படித்து வேறு வேலைக்குப் போன பிள்ளைகள் கத்தியைத் தொட மறுப்பதை நான் குறையாகப் பார்க்க மாட்டேன். காட்டுக்குள் போய் வெட்டுவதற்கு அனுமதி வேண்டும். 1971இல் அங்கமாலியைத் தலைமையிடமாகக் கொண்டு தொடங்கப்பட்ட கேரள மாநில மூங்கில் கழகம் ஈற்றயைக் காட்டிலிருந்து எடுத்து முடைவோருக்குக் கொடுத்து, பின்னிய பாயைத் திரும்ப வாங்குகிறது. 2017இல் வனச் சட்டத்தைத் திருத்தி, காட்டுக்கு வெளியே வளர்க்கிற மூங்கிலை ‘மரம்’ என்ற வகையிலிருந்து நீக்கினார்கள். தோட்டத்தில் மூங்கில் வளர்ப்பவருக்கு நல்லது. ஓடைக்கரை ஈற்றக்காட்டுக்கும் முடைகிறவருக்கும் நடுவே உள்ள அனுமதிச் சீட்டு அப்படியேதான் இருக்கிறது.

சாலையோர வீட்டுத் திண்ணையில் ஒரு சேச்சி பஞ்சாரம் கட்டிக்கொண்டிருந்தார். அறுபது வயது இருக்கும். ஈற்றத்தண்டைப் பெருவிரல் நகத்தால் அழுத்திப் பார்த்து, கத்தியை நுனியில் ஒரு தட்டு தட்டி, பிறகு இரண்டு கையாலும் விலக்கிக்கொண்டே போகிறார். கத்திக்கு அதற்குமேல் வேலையில்லை. பச்சைத் தோல் இருக்கிற புறப்பிளாச்சு ஒரு பக்கம், வெளுத்த உள்பிளாச்சு மறுபக்கம். உள்ளே இருப்பது அடுப்புக்கு. விளக்கு வைப்பதற்குள் விளிம்பு கட்டிவிட வேண்டும், பிளாச்சு காய்ந்தால் வளையாது என்று பேசிக்கொண்டே கையை ஓட்டினார். உச்சியிலிருந்து விரிகிற குத்துப்பிளாச்சுகளை ஒற்றைப்படையில் வைத்திருந்தார். ஏன் என்று கேட்டேன். “இரட்டையானா ரெண்டாம் சுற்றிலும் அதே குச்சிக்கு மேல்தானே வரும்?” என்றார், இதுகூடத் தெரியாமல் கோட்டூர் வரை வந்தாயா என்ற குரலில். ஒற்றைப்படை இருந்தால் ஒரே பிளாச்சு சுற்றிச் சுற்றி வரும்போது தானாகவே மேலும் கீழும் மாறிவிடும்.

அடிப்பகுதிக்கு வந்ததும் நெருக்கத்தை விட்டுக் கண் அகலமாக்கினார். கோழியின்மேல் கவிழ்த்து மூடி வைக்கிற கூடைக்குக் கீழ்க்கண்தான் பிரதானம். தாய்க்கோழி வெளியே வர முடியாது, குஞ்சு வரும். குஞ்சுகள் முற்றத்தில் மேய்ந்துகொண்டிருக்க, உள்ளே நின்றபடி தாய் கூப்பிடும். பருந்தின் நிழல் விழுந்தால் அவ்வளவும் கண் வழியே உள்ளே ஓடிவிடும். கீரிக்கு அந்தக் கண் போதாது. குஞ்சு வளர்ந்து கண்ணில் நுழைய முடியாமல் போகிற நாளில் அதற்குத் தாயின் காவல் தேவைப்படாது. எங்கள் வீட்டில் அடைக்கு வைக்கும்போது தட்டுக்கூடையில் மணல் பரப்பி, முட்டைகளோடு ஒரு இரும்பாணியும் கரித்துண்டும் போடுவாள் அம்மா, இடிக்கு முட்டை கலங்காமலிருக்க. அந்தக் கூடையும் இப்போது இல்லை, கம்பிவலைப் பெட்டி வந்துவிட்டது. கம்பிவலையில் எல்லாக் கண்ணும் ஒரே அளவு. ஒன்று தாயும் குஞ்சும் உள்ளே, இல்லை இரண்டும் வெளியே.

சேச்சி கேட்ட விலைக்குப் பேரம் பேசாமல் பஞ்சாரத்தை வாங்கினேன். அதைத் தூக்கிக்கொண்டு பஸ் ஏறியதும், தம்பானூரில் பிளாட்பாரத்தில் நின்றதும் வேடிக்கையாகத்தான் இருந்திருக்கும். நாகர்கோவில் பாசஞ்சரில் டிக்கெட் பரிசோதகர் அதைச் சுற்றிப் பார்த்து, “உள்ளே கோழி உண்டா?” என்றார். இல்லை என்றதும் அவருக்கே சுவாரசியம் குறைந்துவிட்டது. ரயில்வேயின் சாமான் விதிகளில் கூடையில் வைத்துக் கொண்டுபோகிற நாய்க்குட்டிக்குத் தனிக் கட்டணமே உண்டு. வெறும் பஞ்சாரத்துக்கு விதி எழுத யாருக்கும் தோன்றவில்லை போலிருக்கிறது.

நெய்யாற்றின்கரையில் ஏறிய ஒரு அக்கா எதிரே உட்கார்ந்து பஞ்சாரத்தைத் தன் பக்கம் இழுத்து, உச்சி முடிச்சை இழுத்துப் பார்த்தார், கீழ்க்கண்ணில் இரண்டு விரலை விட்டுப் பார்த்தார்.

“பச்சை ஈற்ற. எப்ப வெட்டினது?”

“தெரியல அக்கா. இந்த வாரம்னு நினைக்கேன்.”

“ஆடியில வெட்டினா சத்து அதிகம் கெடக்கும், வண்டு துளைக்கும். குளத்துல ஒரு வாரம் அமுக்கிப் போடும். பெறகு அடுப்புக்கு மேல புகையில தொங்கவிடும்.”

“வீட்ல கேஸ் அடுப்பு.”

அவர் கொஞ்ச நேரம் என்னைப் பார்த்தார். “தெருவுல சாயாக்கடை உண்டா? விறகடுப்பு?”

உண்டு என்றேன்.

“அங்க கொண்டு தொங்கவிடும். ஒரு மாசம். காசு கேட்டா கோழி முட்டை குடுக்கேன்னு சொல்லும்” என்றவர், பாறசாலை வந்ததும் எட்டிப் பார்த்து, கடலை விற்கிற பையனைக் கூப்பிட்டார்.